கடைசியாகக் குத்திய சீட்டு

நான் எழுதிய கடிதங்களில் ஒன்றே ஒன்றில்தான் ஒரு பிழைகூடக் கிடையாது. கம்பெனி லெட்டர்பேடில் நானே டைப் அடித்து, இரண்டு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். ‘மென்பொருளை முழுமையாகச் சோதித்துவிட்டோம். அதில் எந்தக் குறையும் இல்லை.’ ஆங்கிலத்தில் இது இன்னும் திமிராக இருந்தது. என் அக்கா புருஷனின் வேலையையும் மானத்தையும் வாங்கிய கடிதம் அது.

எங்கள் ஆபீஸ் ராயபுரம் கல்மண்டபத்தில், வலையும் கயிறும் விற்கும் ஒரு கடைக்கு மேலே இருந்தது. முதலாளியையும் சேர்த்து ஆறு பேர், ஒரு ஏசி. ஜன்னலைத் திறந்தால் மீன் வாசனை, மூடினால் எங்கள் வாசனை. கூடப் படித்தவர்களெல்லாம் தெற்கே கண்ணாடிக் கட்டடங்களில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு திரிந்த காலம். “ராயபுரத்துல சாஃப்ட்வேர் கம்பெனியா?” என்று சிரிப்பார்கள். அவர்கள் பழைய மொழிகளில் மாரடித்துக்கொண்டிருந்தபோது நான் ரூபி என்ற கணினி மொழியில் எழுதினேன். அப்போது அது புத்தம் புதுசு. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

மாமா, அதாவது என் அக்கா வீட்டுக்காரர், திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க். துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளை அடுக்கி வைத்து, சுங்க இலாகா அனுமதி கொடுத்த பிறகு டிரெய்லர் லாரியில் ஏற்றி வெளியே அனுப்புகிற இடம் அது. லாரிக்காரர்கள் ரோட்டில் மணிக்கணக்காக நின்று, வெறுத்துப்போய், கேட்டுக்கு வரும்போது யாரையாவது அடிக்கத் தயாராக இருப்பார்கள். அத்தனை பேரையும் மாமா சமாளிப்பார். திட்டினால் திருப்பித் திட்டுவார், அடுத்த நிமிடம் அவனுக்கே டீ வாங்கிக் கொடுப்பார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தவறான பெட்டியை வெளியே விட்டதில்லை. ‘இவர் கேட்ல ஒரு ஈ போவணும்னாலும் சீட்டு வோணும்’ என்று அக்கா கேலி செய்வாள். அது கேலி மாதிரி இருக்கும், பெருமைதான்.

அவர் மேசையில் ஒரு மரக்கட்டையும் அதில் நட்ட கம்பியும் இருந்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் வரும் சீட்டுகளை அதில் குத்தி வைப்பார். யார்டுக்காரர்கள் கொடுக்கும் சீட்டு, சுங்கத்திலிருந்து வரும் சீட்டு, எல்லாம் ஒரே கம்பியில். கேட்டில் ஒரு பழக்கம் உண்டு: மேலே இருக்கிற சீட்டுதான் பேசும். அவசரத்தில் யாரும் கீழே புரட்டிப் பார்க்கமாட்டார்கள். அதனால் சுங்கத்திலிருந்து ‘நிறுத்து’ என்று சிவப்பு பென்சிலில் எழுதி ஒரு சீட்டு வந்துவிட்டால், அதற்குப் பிறகு வேறு சீட்டு வரும்போதெல்லாம் மாமா அந்தச் சிவப்பு பென்சில் சீட்டை உருவி, புதுச்சீட்டைக் குத்திவிட்டு, மறுபடி அதையே மேலே குத்துவார். அந்தச் சீட்டு ஓட்டை ஓட்டையாய் சல்லடை ஆகிவிடும்.

இந்த யார்டுக்குத்தான் எங்கள் கம்பெனி மென்பொருள் எழுதிக் கொடுத்தது. அந்த ஆர்டர் எங்களுக்குக் கிடைத்ததே மாமா அவருடைய மேனேஜரிடம் என்னைப் பற்றிச் சொன்னதால்தான். “எம்மச்சான் கம்ப்யூட்டர்ல பூந்து வெளாடுவான் சார்” என்றாராம். கேட்டில் கிளார்க் பெட்டி எண்ணை அடித்தால் திரை முழுக்கப் பச்சையோ சிவப்போ வரும். பச்சை என்றால் விடு, சிவப்பு என்றால் நிறுத்து. அவ்வளவு எளிமையாக வைத்தது நான்தான். பயிற்சி கொடுக்கப் போன அன்று மாமாவின் கம்பி இன்னும் மேசையில் இருந்தது. “திரையும் பாத்துக்கிறேன், சீட்டும் குத்திக்கிறேன்” என்றார். மேனேஜரிடம் நான் சொன்னேன், இந்தக் கம்பி இருக்கிற வரைக்கும் யாரும் கம்ப்யூட்டரை நம்பமாட்டார்கள் என்று. மறுநாள் கம்பியை எடுத்துவிட்டார்கள். யார் சொல்லி எடுத்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

முதல் ஆறு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகுதான் எனக்கு அரிப்பு வந்தது.

ஒரு கன்டெய்னரைப் பற்றிய எல்லா விதிகளும் ஒரே ஃபைலில் இருந்தன. மாடல் என்போம். அது வளர்ந்து வளர்ந்து, திறந்தால் அடி தெரியாத ஃபைலாகிவிட்டது. அதைப் பிரித்து மாட்யூல்கள் என்ற தனித்தனிப் பகுதிகளாக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். சுங்கம் சம்பந்தப்பட்டதெல்லாம் ஒரு மாட்யூலில், யார்டு வேலை சம்பந்தப்பட்டதெல்லாம் இன்னொரு மாட்யூலில். மாடலில் இன்ன மாட்யூலைச் சேர்த்துக்கொள் என்று ஆளுக்கொரு வரி போட்டால் போதும். இரண்டு நாளில் முடித்தேன். ஃபைல் ஒரு பக்கத்துக்குச் சுருங்கிவிட்டது. முதலாளி பார்த்துவிட்டு “சூப்பர்டா, க்ளீனா இருக்கு” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

செய்துமிருந்தேன். பழைய ஃபைலில் ‘சுங்கம் விடலாமா’, ‘யார்டு விடலாமா’ என்று இரண்டு மெதட்கள் இருந்தன. மெதட் என்றால் பெயர் சொல்லிக் கேட்டால் ஆம், இல்லை என்று பதில் தரும் நிரல் துண்டு. முதலாவது, சுங்கத் தடை இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டாவது, பெட்டியைத் தூக்கி லாரியில் வைத்துப் பூட்டியாகிவிட்டதா என்று பார்க்கும். இரண்டும் ஆம் என்றால்தான் கேட் திரையில் பச்சை. மாட்யூலின் பெயரிலேயே சுங்கம் இருக்கும்போது மெதட்டின் பெயரிலும் எதற்கு என்று, இரண்டையும் வெறும் ‘விடலாமா’ என்று வெட்டினேன். தனித்தனி மாட்யூல், தனித்தனி அறை, ஒன்றின் பெயர் இன்னொன்றைத் தொடாது என்று என் எண்ணம். ஆனால் ரூபியில் மாட்யூலைச் சேர்த்தால் அதில் இருப்பதெல்லாம் மாடலுக்குள் ஒரே கூடத்தில் வந்து விழும். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் கடைசியாகச் சேர்த்ததுதான் பதில் சொல்லும். மற்றது இருக்கும், வாயைத் திறக்காது. ரூபி ஒரு எச்சரிக்கைகூடத் தராது. சேர்க்கும் வரிகளை ஆங்கில அகரவரிசையில் வைக்க வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். அதனால் சுங்கம், அதாவது கஸ்டம்ஸ், முன்னால் போயிற்று, யார்டு கடைசியில் வந்தது.

சோதனைகள் எழுதியிருந்தேன். ஆனால் ஒவ்வொரு மாட்யூலையும் தனியாக ஒரு பொம்மை மாடலில் வைத்துச் சோதித்தேன். தனியாக இருந்தபோது இரண்டும் சரியாகத்தான் பேசின.

கேட்டுக்கு வந்து நிற்கும் பெட்டி லாரியில்தான் இருக்கும். ஆகவே திரை கேட்டதற்கெல்லாம் யார்டு மாட்யூல் ‘ஆம்’ என்றது. எல்லாப் பெட்டிக்கும் பச்சை. தடை உள்ள பெட்டியை யாரும் ஏற்றமாட்டார்கள், அது கேட்வரை வருவது எப்போதாவது. அதனால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் வஞ்சிரக் குழம்பு சாப்பிடும்போது மாமா சொன்னார்.

“மூணு வாரமா செவப்பே வர்ல மச்சான். முன்னல்லாம் எப்பனாச்சும் ஒண்ணு வந்துகினே இருக்கும்.”

“அதான் மாமா கம்ப்யூட்டர். எல்லாரும் ஒழுங்கா வேலை செய்ய ஆரம்பிச்சுட்டாங்க” என்றேன்.

என் நிரலில் கோளாறு என்பதை மாமா தட்டில் வைத்து நீட்டினார், நான் இன்னொரு துண்டு மீன் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் சுங்கத் தடை உள்ள ஒரு பெட்டியை அவசரத்தில் தவறாக ஏற்றிவிட்டார்கள். மாமா எண்ணை அடித்தார், பச்சை வந்தது, கேட்டைத் திறந்தார். இரண்டு நாள் கழித்து சுங்க அதிகாரிகள் அந்தப் பெட்டியைத் திறக்க வந்தபோது அது இல்லை. யார்டே கிடுகிடுத்தது. யாராவது ஒருவர் தலையைக் கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் கேட்டைத் திறந்தது யாருடைய லாகின் என்று எங்கள் மென்பொருளே அழகாகக் காட்டிக் கொடுத்தது.

“பச்சை காட்டிச்சு சார்” என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். மேனேஜர் ஒன்றும் அநியாயக்காரர் இல்லை. வெளியே போய்விட்ட பெட்டியின் எண்ணுக்குத் திரை நிறம் காட்டாது என்பதால், மாமாவின் கண்ணெதிரிலேயே தடை உள்ள வேறொரு பெட்டியின் எண்ணை அடித்துப் பார்த்தார். சிவப்பு வந்தது. அந்தப் பெட்டி தரையில் அடுக்கிக் கிடந்தது, லாரியில் ஏறவில்லை, அதனால் யார்டு மாட்யூல் ‘இல்லை’ என்றது. இதை அன்று யாரும் அறியவில்லை. “பாருய்யா, செவப்புதானே வருது?” என்றார் மேனேஜர். பிறகு எங்கள் முதலாளிக்கு போன் செய்தார். முதலாளி என்னைக் கேட்டார். நான் சோதனைகளை ஓட்டினேன், எல்லாம் தேறின. அப்போதுதான் அந்தக் கடிதத்தை எழுதினேன். மாமா கண் அயர்ந்திருப்பார் என்று மனதார நம்பினேன். அவரைவிட என் நிரலை நம்பினேன் என்பதுதான் உண்மை.

மாமாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மாதக் கடைசியில் விசாரணை. அதற்குள் அவர் மனதில் ஒரு சந்தேகம் நுழைந்துவிட்டது. கம்ப்யூட்டர் தப்பு செய்யாது என்று மச்சானே எழுதிக் கொடுத்துவிட்டான், அப்படியானால் கண்ணில்தான் கோளாறு. சிலருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியுமாமே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “தொணைக்கு வா மச்சான்” என்று என்னைக் கூப்பிட்டார். எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா ஒரு புத்தகத்தைப் பிரித்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், நடுவில் வேறு வண்ணப் புள்ளிகளால் ஒரு எண். மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. “உங்க கண்ணு ரொம்ப நல்லா இருக்குங்க” என்றார் டாக்டரம்மா. மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் அந்தச் சிரிப்பு மெல்ல இறங்கியது. அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

“அதையே எய்திக் குடுங்கம்மா” என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தக் காகிதத்தை நேராக யார்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே ஒருவர் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: “கண்ணு நல்லா இருக்குன்னா தெரிஞ்சேதான் வுட்டுகிற. யார்ட்ட கை நீட்டின?”

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அக்கா அழுது முடித்திருந்தாள். “பன்னெண்டு வர்சம் ஒருத்தன்ட்ட ஓசி பீடி வாங்கினது கெடியாது. திருட்டுப் பட்டம் கட்டிட்டானுங்கடா” என்றாள். மாமா என்னைப் பார்க்காமல் பேசினார்.

“கம்பி இருந்திருந்தா இது நடந்திருக்காது மச்சான். கம்பில எத்த கடசியா குத்துனமோ அதான் பேசும். அதுக்குத்தான் நிறுத்து சீட்ட உருவி உருவி மேல குத்துவேன். இல்லாங்காட்டி யார்டுக்காரன் சீட்டு மேல வந்து குந்திக்கும். உங்க மிஷின்ல மேல இன்னா கீதுன்னு நமக்கு இன்னா தெரியும்?”

மாட்யூல்களைச் சேர்த்த அந்த இரண்டு வரிகள் என் கண்முன் வந்தன. கடைசியாகக் குத்தியது. யார்டுக்காரன் சீட்டு.

மறுநாள் காலை மற்றவர்கள் வருமுன் ஆபீசைத் திறந்தேன். அந்தப் பெட்டி அன்று இருந்த நிலையை அப்படியே என் கணினியில் உருவாக்கினேன். சுங்கத் தடை உண்டு, லாரியில் ஏறியிருக்கிறது. எண்ணை அடித்தேன். பச்சை. மறுபடி அடித்தேன். பச்சை. ரூபியில் ஒரு மாடலின் மூதாதையர் யார் யார் என்று கேட்கலாம், எந்த மாட்யூல் யாருக்கு மேல் இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லும். கேட்டேன். யார்டு மேலே, சுங்கம் கீழே. அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்தை நான் கடிதம் எழுதுவதற்கு முன்பு செலவழித்திருக்கலாம்.

விசாரணைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

முதலாளி வந்ததும் காட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தானே ஒருமுறை எண்ணை அடித்துப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார். “எண்ணூர்ல இன்னும் ரெண்டு யார்டு பேசிட்டு இருக்காங்க. இது வெளியே தெரிஞ்சா நாம ஆறு பேரும் தெருவுல நிப்போம். நீ கையெழுத்துப் போட்ட லெட்டர் வேற இருக்கு. சத்தம் போடாம சரி பண்ணிப் போட்டுரு” என்றார். அந்த ‘நீ’ எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது.

பழி முழுவதையும் அவர்மேல் போட்டுவிட எனக்கு ஆசைதான். ஆனால் அவர் என்னைக் கட்டிப்போடவில்லை. கல்மண்டபத்திலிருந்து யார்டுக்கு பஸ் உண்டு, ஏறியிருக்கலாம். நான் பயந்தேன். வேலையைவிட, ‘ராயபுரத்துல சாஃப்ட்வேரா’ என்று சிரித்தவர்கள் இன்னும் பெரிதாகச் சிரிப்பார்களே என்று பயந்தேன். இவ்வளவு அற்பமான காரணத்துக்காக ஒருவன் தன் அக்கா குடும்பத்தைக் கைவிடுவானா என்று நீங்கள் கேட்கலாம். கைவிட்டேன்.

இரண்டு மெதட்களுக்கும் பழைய பெயர்களைத் திருப்பி வைத்தேன். கேட் திரை இரண்டையும் கேட்க வேண்டும், எது ‘இல்லை’ என்றாலும் சிவப்பு என்று மாற்றினேன். மாற்றங்களைப் பதியும்போது ஒரு குறிப்பு எழுத வேண்டும். ‘பெயர்களைச் சீர் செய்தது’ என்று எழுதினேன். விசாரணை நாள் காலையில் யார்டுக் கணினியில் அதைப் போட்டோம்.

மென்பொருள்காரன் என்று விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நீள மேசையின் அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் மாமா, அயர்ன் செய்த சட்டையில், கையில் அந்தக் கண்ணாஸ்பத்திரிக் காகிதம். மேனேஜர் என்னிடம் கேட்குமுன் மாமாவே திரும்பிக் கேட்டார்.

“நீ சொல்லு மச்சான். நீ சொன்னா சரி. அந்தப் பொட்டிக்குப் பச்சை காட்டிருக்குமா?”

“அந்தப் பெட்டிக்கு சிவப்புதான் மாமா காட்டும்” என்றேன்.

மேசைமேல் இருந்த கணினியில் அந்தப் பெட்டி அன்று இருந்த நிலையை உருவாக்கி, வேண்டுமானால் அடித்துப் பாருங்கள் என்றேன். மேனேஜர் அடித்தார். சிவப்பு வந்தது. காலையில் போட்ட திருத்தம் அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

மாமா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “அப்ப எங்கண்ணுதான் சார் ஏமாத்திருக்கும். புள்ள பொய் சொல்ல மாட்டான்” என்றார்.

யார்டு வேலை போயிற்று. எண்ணூர் ஆர்டர் எங்களுக்குக் கிடைத்தது. மாமா ஒரு குளிர்பான ஏஜென்சியில் சரக்கு இறக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு ஒரு பழைய மொபெட்டில் கடை கடையாகச் சரக்குப் போட ஆரம்பித்தார். என்னோடு பழையபடிதான் பேசுவார், பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கினால் இப்போதும் போன் வரும். அக்காதான் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள், சிக்னலில் இவர் தனியாக இருந்தால் வண்டியை எடுக்கமாட்டார், பக்கத்து வண்டி நகர்ந்தால்தான் எடுப்பார் என்று. நான் நம்பவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒருநாள் அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போனேன். சிக்னலில் நின்றோம். பக்கத்தில் வேறு வண்டி இல்லை. விளக்கு மாறியது. மாமா நகரவில்லை. பின்னால் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்தது. அவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைப் பாதி திருப்பிக் கேட்டார்.

“பச்சைதானே மச்சான்?”

“பச்சைதான் மாமா, போங்க” என்றேன்.

“நீ சொன்னா சரி” என்று வண்டியை எடுத்தார்.